கடைசிக் கல், முதல் அஸ்திபாரம்

வேதபாடம்: யஸ்பி என்னும் வச்சிரக்கல்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: யாத்திராகமம் 28:15-30, வெளிப்படுத்தின விசேஷம் 4:1-3, 21:10-21



பரலோகத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது, "அங்கே தங்க வீதி, முத்து வாசல், வைர மதில்" என்று நம்மில் அநேகர் சொல்லுவது வழக்கம். தங்க வீதி சரி, முத்து வாசல் சரி. ஆனால் வைர மதில் என்று வேதம் சொல்லுகிறதா? வெளி. 21:18-ஐத் திறந்து பாருங்க. அந்த மதில் வச்சிரக்கல்லால் கட்டப்பட்டிருந்தது என்று யோவான் எழுதுகிறார். வச்சிரம் என்றால் தமிழில் வைரம் என்றும் பொருள் உண்டு. அதனால்தான் இந்தக் குழப்பம். யோவான் எழுதிய கல் எது, தேவன் ஏன் அதைத் தெரிந்துகொண்டார் என்பதை இந்த மாதம் வேதபாடமாகத் தியானிப்போம். கையில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனத்தையும் எடுத்து வாசியுங்கள்.

1. இரண்டு பெயர், ஒரே கல்

ஆரோனுடைய மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள் பதிக்கப்பட்டன. அவற்றில் கடைசிக் கல்லுக்கு எபிரெய பாஷையில் "யாஷ்பே" என்று பெயர். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் யாத். 28:20-ல் அது "யஸ்பி" என்று வருகிறது. எசேக்கியேல் 28:13-லும் அதே பெயர்தான். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க பாஷையில் அதுவே "இயாஸ்பிஸ்" ஆயிற்று. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் அந்தச் சொல்லைத்தான் நம் வேதாகமம் வச்சிரக்கல் என்று மொழிபெயர்த்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ஜாஸ்பர் என்பார்கள். ஆகவே ஆரோன் மார்பிலிருந்த யஸ்பியும் புதிய எருசலேமின் வச்சிரக்கல்லும் ஒரே பெயருள்ள கல். பெயர் மாறியதால் இந்தத் தொடர்பு நம் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

இன்னொன்றும் கவனியுங்கள். இன்று கல் வியாபாரிகள் ஜாஸ்பர் என்று விற்பது ஒளி ஊடுருவாத கல். பூர்வ காலத்திலோ இந்தப் பெயர் இன்னும் விரிவாக வழங்கியது. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மரித்த ரோம எழுத்தாளர் பிளினி, இந்தப் பெயருள்ள கற்களில் பச்சை நிறத்ததும் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியதும் உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் அது வைரம் அல்ல.

2. இந்தக் கல்லின் தன்மை என்ன?

வைரம் கரியினால் ஆனது. யஸ்பியோ சிலிக்காவினால் ஆனது. சிலிக்கா என்றால் ஏதோ பெரிய பொருள் என்று நினைக்காதீங்க. ஆற்று மணலில் பெரும்பகுதி அதுதான். வீடு கட்ட லாரியில் வந்து இறங்குகிற மணலையும், குமணன்சாவடியில் நம் தலைக்குமேல் மெட்ரோவுக்காக எழும்பி நிற்கிற கான்கிரீட் தூண்களையும் பாருங்கள். அந்தத் தூண்களுக்குள் கலந்திருக்கிற மணலும் இந்த யஸ்பியும் ஒரே குடும்பம். தண்ணீரில் கரைந்த சிலிக்கா, எரிமலைச் சாம்பலிலும் நுண்ணிய வண்டலிலும் ஊறி, நாளடைவில் இறுகி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னப் படிகங்களாகச் சேர்ந்து இந்தக் கல் உண்டாகிறது.

அப்படியானால் சிவப்பு, மஞ்சள், பழுப்பு, பச்சை என்று இத்தனை நிறம் எங்கிருந்து வந்தது? அதோடு கலந்த அந்நியப் பொருள்களிலிருந்து வந்தது. சிவப்புக்குக் காரணம் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. ஏறக்குறைய இரும்புத் துரு என்றே சொல்லலாம். கர்நாடகத்தில் பெல்லாரி, ஹொஸ்பேட் பக்கத்து இரும்புத் தாது மலைகளில் கறுத்த இரும்புப் பட்டையும் சிவந்த யஸ்பிப் பட்டையும் மாறி மாறி அடுக்கியிருக்கும். இந்தக் கலப்புதான் கல்லுக்கு நிறம் தருகிறது. இதே கலப்புதான் ஒளியை உள்ளே விடாமல் தடுக்கிறது. இந்த இரண்டாவது காரியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாடத்தின் முடிவில் தேவைப்படும்.

கடினத்தை அளக்க 1812-ல் மோஸ் என்பவர் ஏற்படுத்திய அளவுகோலில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, யஸ்பி 6.5 முதல் 7 வரை. சாதாரணக் கத்தியால் இதன்மேல் கீறல் போட முடியாது. கல்லே கத்தியைத் தேய்த்துவிடும். அதே சமயம் பொறுமையாகத் தேய்த்தால் கண்ணாடிபோல் மெருகு ஏறும். மணலின் குடும்பத்தில் பிறந்தது, ஆனால் இரும்புக்குக் கீறல் கொடுக்காதது. தேவ ஜனங்களே, மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட நம்மைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லையா?

3. எகிப்தில் தாயத்து, ஆசரிப்புக்கூடாரத்தில் ஞாபகக்குறி

பூர்வ எகிப்தியர் சிவப்பு யஸ்பியைப் பெரிதாக மதித்தார்கள். ஐசிஸ் என்னும் தங்கள் தேவதையின் பெயரால் முடிச்சு வடிவத்தில் தாயத்துச் செய்து, செத்தவனுடைய கழுத்தில் வைத்து அடக்கம்பண்ணினார்கள். அந்தக் கல் மறுமையில் அவனைக் காப்பாற்றும் என்பது அவர்கள் நம்பிக்கை. இப்படிப்பட்ட தேசத்தில்தான் இஸ்ரவேலர் குடியிருந்தார்கள் (யாத். 12:40-ல் வருஷக்கணக்கை வாசியுங்கள்).

அந்தத் தேசத்தை விட்டு வந்த ஜனங்களுக்குக் கர்த்தர் என்ன செய்தார்? அந்தக் கல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் வேலையை மாற்றினார். ஒரு சாண் சதுரமான மார்ப்பதக்கத்தில், வரிசைக்கு மூன்றாக நாலு வரிசை கற்கள். ஒவ்வொரு கல்லின்மேலும் முத்திரை வெட்டுகிறதுபோல ஒரு கோத்திரத்தின் பெயர். ஆரோன் பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசிக்கும்போதெல்லாம் அந்தப் பெயர்களைத் தன் இருதயத்தின்மேல் சுமந்து கர்த்தருடைய சந்நிதியில் நின்றான் (28:29).

வித்தியாசத்தைப் பாருங்க. எகிப்தில் மனுஷன் கல்லை நம்பினான். கூடாரத்தில் கல் மனுஷனுடைய பெயரைச் சுமந்தது. எகிப்தில் கல்லுக்குச் சக்தி உண்டென்று எண்ணினார்கள். கூடாரத்தில் கல்லுக்கு எந்தச் சக்தியும் இல்லை, அந்தப் பெயரை அறிந்திருக்கிற தேவனுக்கே சகல வல்லமையும் உண்டு. அல்லேலூயா!

4. முத்திரை தொலைந்தது, பெயர் நிலைத்தது

இஸ்ரவேல் தேசத்திலிருந்தே ஒரு யஸ்பிக் கல்லின் சரித்திரம் உண்டு. 1904-ல் மெகிதோ என்ற இடத்தில் ஷூமாக்கர் என்பவர் தலைமையில் அகழ்வாராய்ச்சி நடந்தது. அப்போது உள்ளங்கையில் அடங்கும் ஒரு யஸ்பி முத்திரை கிடைத்தது. அதில் கெர்ச்சிக்கிற சிங்கத்தின் உருவம் வெட்டப்பட்டிருந்தது. யெரொபெயாமின் ஊழியக்காரனாகிய ஷெமா என்பவனுக்கு உரியது என்ற பொருளில் எழுத்தும் இருந்தது. 2 இராஜாக்கள் 14:23-ல் சொல்லப்பட்ட யெரொபெயாமே இவன் என்று ஆராய்ச்சியாளரில் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

அவன் நாட்களில் தீர்க்கதரிசனம் சொன்னவர் யார்? தெக்கோவா ஊரானாகிய ஆமோஸ். ராஜாவின் அதிகாரி தன் அதிகாரத்துக்கு அடையாளமாகச் சிங்கத்தைக் கல்லில் வெட்டி வைத்திருந்தான். மந்தை மேய்த்த ஆமோஸோ கர்த்தருடைய சத்தத்தைச் சிங்கத்தின் கெர்ச்சிப்புக்கு ஒப்பிட்டுப் பேசினார் (ஆமோஸ் 1:2, 3:8). ராஜாவுக்கு விரோதமாகக் கட்டுப்பாடு பண்ணுகிறவன் என்று அவர்மேல் குற்றம் சாட்டினார்கள் (7:10). இன்று யெரொபெயாமின் ராஜ்யம் எங்கே? அந்த முத்திரையும் அக்காலத்தில் அந்தத் தேசத்தை ஆண்ட துருக்கி சுல்தானுக்காக இஸ்தான்புல்லுக்கு அனுப்பப்பட்டு, அப்புறம் காணாமலே போயிற்று. அதிலிருந்து எடுத்த வெண்கல அச்சுதான் மிச்சம். மந்தை மேய்த்தவன் சொன்ன வார்த்தையோ நம் வீடுகளில் இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது.

கல்லில் பெயர் வெட்டுவது லேசான வேலை அல்ல. யஸ்பியைவிடக் கடினமான பொடியைப் போட்டுத் தேய்த்துத்தான் எழுத்தை இறக்க வேண்டும். ஒருமுறை வெட்டினால் அழியாது. நம்முடைய பெயரைக் கர்த்தர் எங்கே வரைந்திருக்கிறார்? ஏசாயா 49:16-ஐ எடுத்து வாசியுங்கள்; வாசித்துவிட்டு ஸ்தோத்திரம் பண்ணுங்கள். தொலைந்துபோகிற கல்லில் அல்ல, அவருடைய சொந்தக் கரத்திலே!

5. நம்முடைய தேசத்தில் யஸ்பி

நம் தமிழ்நாட்டுக்கும் இந்தக் கல் புதுசு அல்ல. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. 1985 முதல் அங்கே தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்வாராய்ச்சி செய்தார்கள். சுமார் 2000 வருஷங்களுக்கு முன்னும் அதற்கு முன்னும் அங்கே மணி செய்யும் தொழில் நடந்ததற்கு அடையாளங்கள் கிடைத்தன. நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் என்று பல கற்களின் நடுவே யஸ்பியும் உண்டு. முடிந்த மணியும், பாதியில் நின்ற மணியும், உடைத்துப்போட்ட சில்லும் ஒரே இடத்தில் கிடந்தன. உடைத்து, தட்டி, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றி — இத்தனை பாடும் பட்ட பிறகுதான் ஒரு மணி உருவாகும். பெயர் கீறிய பானை ஓடுகளும் அங்கே கிடைத்தன. மனுஷன் எந்தத் தேசத்திலும் தன் பெயர் நிலைக்கவேண்டும் என்றே ஏங்குகிறான்.

வடக்கே குஜராத்தில் பச்சை நிறத்தில் சிவப்புப் புள்ளிகள் உள்ள ஒருவகைக் கல் கிடைக்கிறது. இதை யஸ்பி இனத்தோடு சேர்த்து ரத்தக்கல் என்பார்கள். சிலுவையின் அடியில் இருந்த பச்சை யஸ்பியின்மேல் ஆண்டவருடைய இரத்தம் சொட்டியதால் அந்தப் புள்ளிகள் வந்தன என்று ஐரோப்பாவில் இடைக்காலத்தில் ஒரு கதை பரவியது. கேட்க நன்றாயிருக்கும். ஆனால் வேதத்தில் அப்படி இல்லை. அந்தப் புள்ளிகள் இரும்பினால் வந்தவை. இயேசுவின் இரத்தம் கல்லுக்கு நிறம் கொடுக்கச் சிந்தப்படவில்லை. நம் மனச்சாட்சியைச் சுத்திகரிக்கச் சிந்தப்பட்டது (எபிரெயர் 9:14).

இங்கே ஒரு காரியத்தை அன்போடும் கண்டிப்போடும் சொல்லவேண்டியிருக்கிறது. ராசிக்கல் மோதிரம் போட்டால் கடன் தீரும், பிள்ளைக்கு வேலை கிடைக்கும், கல்யாணம் கூடிவரும் என்று கடைத்தெருவில் சொல்லுகிறார்கள். இப்போது போனிலேயே "உடம்புக்கு நல்லது, பயம் போகும்" என்று ஜாஸ்பர் மணி வளையல் விற்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்த குடும்பங்களிலும் சிலர் இதில் தடுமாறுகிறார்கள். பிள்ளையின் ஸ்கூல் பீஸ் பாக்கி நிற்கும்போது, வட்டிக்கு வாங்கி மோதிரம் செய்கிறவர்கள் உண்டு. வீட்டில் கஷ்டம் தாங்காமல் செய்கிறார்கள், அவர்களை அற்பமாய்ப் பேசாதிருங்கள். ஆனால் அன்பானவர்களே, கல் என்பது கல்தான். அதன் கடினத்தை அளக்கலாம், எடையை அளக்கலாம், நிறத்தின் காரணத்தைச் சொல்லலாம். கடனைத் தீர்க்கும் தன்மை எதுவும் அதற்குள் இல்லை. இஸ்ரவேலர் எகிப்தில் விட்டுவந்த தாயத்தை நாம் இங்கே காசு கொடுத்து வாங்கலாமா? நம்முடைய பெயரை மார்பில் சுமக்கிற பிரதான ஆசாரியர் பரலோகத்தில் நமக்கு இருக்கிறார் (எபிரெயர் 7:25). இப்படிப்பட்ட பாரத்தோடு யாராவது இருந்தால், இந்த வாரமே மூப்பரிடத்தில் வந்து பேசுங்கள். சபை உங்களோடு சேர்ந்து ஜெபிக்கும்.

6. கடைசியாயிருந்தது முதலாயிற்று

உலகம் போற்றுகிற நவரத்தினங்களை எண்ணிப் பாருங்கள்: வைரம், வைடூரியம், முத்து, மரகதம், மாணிக்கம், பவளம், புஷ்பராகம், கோமேதகம், நீலம். ஒன்பதிலும் யஸ்பிக்கு இடமில்லை. நகைக்கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் கல்லும் இது அல்ல. ஆரோனுடைய மார்ப்பதக்கத்திலும் நாலாம் வரிசையில், பன்னிரண்டாவதாக, ஆகக் கடைசியில்தான் இருந்தது. எந்தக் கல்லில் எந்தக் கோத்திரம் என்று வேதம் தனித்தனியாகச் சொல்லவில்லை. ஆனால் ஆரோனுடைய தோள்களில் இருந்த இரண்டு கற்களில் பெயர்கள் பிறந்த வரிசைப்படி வெட்டப்பட்டன (28:10). அந்த வரிசையை மார்ப்பதக்கத்துக்கும் எடுத்தால், கடைசிக் கல் பென்யமீனுக்கு வரும். தாய் சாகும்போது துக்கத்தின் மகன் என்று பெயரிட்ட பிள்ளை அவன், தகப்பனோ அந்தப் பெயரை மாற்றினான் (ஆதி. 35:18).

இப்போது வெளி. 21:19-க்கு வாருங்கள். புதிய எருசலேமுக்குப் பன்னிரண்டு அஸ்திபாரங்கள். இரண்டாவது இந்திரநீலம், நான்காவது மரகதம். முதலாவது எது? வச்சிரக்கல்! ஆரோன் மார்பில் கடைசியாயிருந்த அதே பெயருள்ள கல், தேவனுடைய நகரத்தில் முதல் அஸ்திபாரம். முந்தினவர் பிந்துவதையும் பிந்தினவர் முந்துவதையும் பற்றி ஆண்டவர் சொன்னதை (மத். 19:30) தேவன் கல்லிலேயே எழுதிக் காட்டிவிட்டார்.

இதோடு முடியவில்லை. வெளி. 4:3-ல் சிங்காசனத்தில் வீற்றிருக்கிறவருடைய தோற்றத்துக்கு யோவான் இரண்டு கற்களைச் சொல்லுகிறார்: வச்சிரக்கல், பதுமராகம். மார்ப்பதக்கத்தின் முதல் கல் பதுமராகம் (28:17), கடைசிக் கல் யஸ்பி. முதலும் கடைசியும் சிங்காசனத்திலே சேர்ந்து பிரகாசிக்கிறது. முந்தினவரும் பிந்தினவருமாகிய அவர் தம்முடைய மகிமையைக் காட்ட இந்தச் சாதாரணக் கல்லையும் எடுத்துக்கொண்டாரே!

அந்த அஸ்திபாரங்களின்மேல் யாருடைய பெயர்கள் இருக்கின்றன? ஆட்டுக்குட்டியானவரின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பெயர்கள் (21:14). வலை வீசினவர்கள், ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவன். எருசலேமின் பெரியவர்கள் அவர்களைப் படிப்பறியாதவர்கள் என்றே கண்டார்கள் (அப். 4:13).

சபையில் கடைசி பாயில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போகிற சகோதரியே, உனக்குத்தான் இந்தப் பாடம். விடியற்காலை குமணன்சாவடி ஜங்ஷனில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களே, சித்தாள் வேலைக்குப் போய் மணல் சுமக்கிறவர்களே, இராத்திரி முழுக்க வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு ஞாயிறு ஆராதனைக்கு வருகிற ஐயா, உங்களுக்குத்தான். உலகத்தின் நவரத்தினக் கணக்கில் உங்களுக்கு இடமில்லாமல் போகட்டும். தேவன் தம்முடைய நகரத்துக்கு முதல் கல் எடுக்கும்போது அந்தக் கணக்கைப் பார்க்கிறதில்லை.

7. மங்கின கல் தெளிகிறது

கல்லோடு கலந்த துருதான் ஒளியைத் தடுக்கிறது என்று பார்த்தோம் அல்லவா? இப்போது வெளி. 21:11-ஐக் கவனமாய் வாசியுங்கள். நகரத்தின் பிரகாசம் பளிங்கின் தெளிவுள்ள வச்சிரக்கல்லைப்போல் இருந்ததாம். நம் கையில் கிடைக்கிற யஸ்பி அப்படி இல்லை. விளக்குக்கு நேரே பிடித்தால் மறைக்கும், வழி விடாது. அங்கே உள்ள யஸ்பியோ தேவமகிமை தாராளமாய் உள்ளே புகுந்து வெளியே வரும்படி தெளிந்திருக்கிறது.

நாம் இன்று எப்படி இருக்கிறோம்? மெருகு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அந்நியபாஷையும் இருக்கிறது. ஆனால் உள்ளே கசப்பு, பொறாமை, வீட்டில் கோபம், வேலை ஸ்தலத்தில் பொய். கலப்பு இருக்கும்வரை வெளிச்சம் உள்ளே இறங்காது. வெளியே எவ்வளவு பளபளப்பாய்த் தேய்த்தாலும் யஸ்பி பளிங்காக மாறாது; அது மேல்மெருகு மட்டுமே. கலப்பை நீக்குவது மனுஷக் கையினால் ஆகாது. புடமிடுகிறவர் உட்கார்ந்து சுத்திகரிக்கவேண்டும் (மல்கியா 3:3). எழுப்புதல் வேண்டும் என்று உபவாசத்தில் கதறுகிறோமே, எழுப்புதல் என்பது இதுதான்: அதிகச் சத்தம் அல்ல, அதிகத் தெளிவு. நம் வழியாய் அயலகத்தார் இயேசுவைப் பார்க்கிறார்களா, நம்மை மட்டும் பார்க்கிறார்களா?

பேதுருவின் நிருபத்தில் நாம் ஜீவனுள்ள கற்கள் என்று அழைக்கப்படுகிறோம் (1 பேதுரு 2:5). கொடுமணலில் பாதியில் நின்ற மணிகள் மண்ணுக்குள் கிடந்தன. துளையிடும்போது உடைந்ததோ, தொழிலாளி விட்டுவிட்டானோ, யாருக்குத் தெரியும்! ஆனால் நம்மைக் கையில் எடுத்தவர் பாதியில் விடுகிறவர் அல்ல (பிலிப்பியர் 1:6). இப்போது தட்டப்படுகிறோமா? தேய்க்கப்படுகிறோமா? சகித்திருப்போம். மதிலில் நமக்கு இடம் ஆயத்தமாகிறது.

வீட்டுக்கூட்டத்தில் சிந்திக்க:

அ. மார்ப்பதக்கத்தின் கற்கள் ஏன் ஆரோனுடைய இருதயத்தின்மேல் வைக்கப்பட்டன? (யாத். 28:29)
ஆ. தாயத்துக்கும் ஞாபகக்குறிக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.
இ. அஸ்திபாரத்தின்மேல் நாம் கட்டுகிறது எப்படிச் சோதிக்கப்படும்? (1 கொரி. 3:11-15)
ஈ. என் வாழ்க்கையில் தேவனுடைய ஒளியைத் தடுக்கிற கலப்பு எது? இதை மற்றவரிடம் சொல்லவேண்டாம், கர்த்தரிடம் சொல்லுங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, மண்ணாகிய எங்களை எடுத்து உம்முடைய நகரத்தின் கற்களாக்குகிறதற்காக ஸ்தோத்திரம். கற்களை நம்பாமல் கன்மலையாகிய உம்மையே நம்பக் கிருபை தாரும். எங்களுக்குள் இருக்கிற கலப்பை நீக்கி, உமது மகிமை எங்கள் வழியாய்ப் பிரகாசிக்கச் செய்யும். கடைசியில் நிற்கிற ஒவ்வொருவரையும் இன்றைக்குப் பேர் சொல்லி அழையும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஜீவனுள்ள பிதாவே, ஆமென்.